கோடும் வெண்மையும்: நிலக்காட்சி அரிப்புச் சித்திரங்களில் ஆழம் உருவான வரலாறு

வண்ணம் எதுவுமின்றிக் கருமைக் கோடுகளை மட்டும் துணையாகக் கொண்டு, உள்ளங்கையளவான ஒரு தாளிலே பல மைல் தொலைவுக்கு விரிந்து செல்லும் நிலப்பரப்பொன்றினைக் காட்டுதல் எவ்வாறு இயல்வதாயிற்று? ஐரோப்பிய ஓவியத்தில் ஆழத்தோற்றம் பற்றி எழுதியோருட் பெரும்பாலானோர், பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியிலே வகுக்கப்பட்ட தூரதரிசனக் கணிதத்தினையே இவ்வினாவுக்குரிய விடையாகக் கொள்வர். இணைகோடுகள் யாவும் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் என்னும் அக்கணிதம், மண்டபங்களையும் வீதிகளையும் தளவரிசைகளையும் வரைவதற்குப் பெரிதும் உதவியது என்பதில் ஐயமில்லை. ஆயின், வயலுக்கும் சதுப்பு நிலத்துக்கும் காட்டுக்கும் அது அவ்வளவாக உதவவில்லை. புல்வெளியிலே குவிந்து செல்லும் இணைகோடுகள் இல்லை. மரங்கள் சதுரக் கற்களைப் போல ஒழுங்காக நிற்பதுமில்லை. எனவே நிலக்காட்சியினைத் தகட்டில் வரைந்தோர் வேறு வழிகளைத் தேட வேண்டியவராயினர்.

எச்சிங் என வழங்கும் அமில அரிப்புச் சித்திரக் கலையிலே அவ்வழிகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு வளர்ந்தன என்பதனை, 1518 ஆம் ஆண்டு தொடக்கம் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையுள்ள சில சித்திரங்களை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கோட்டின் தடிப்பு, கோடுகளின் நெருக்கம், கோடு இடப்படாத தாளின் வெண்மை ஆகிய மூன்றுமே இக்கலையில் ஆழத்தை உருவாக்கின என்பதும், அவை ஏட்டுக் கொள்கையிலிருந்து பிறந்தவை அல்ல, உலோகம், அமிலம், மை, தாள் என்னும் பட்டறைப் பொருள்களின் இயல்பிலிருந்து படிப்படியாக அறிந்துகொள்ளப்பட்டவை என்பதும் இங்கு நிறுவப்படும்.

1. தொழின்முறையின் இயல்பு

சித்திரங்களை நோக்குமுன் தொழின்முறையினைச் சுருக்கமாக அறிந்துகொள்ளல் வேண்டும். செப்புத் தகடொன்றின் மீது மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு இடப்படுகின்றது. கலைஞன் ஊசியினால் அப்பூச்சினைக் கீறி வரையும்போது, கோடு சென்ற இடத்தில் மட்டும் உலோகம் வெளிப்படுகின்றது. பின்னர் தகடு அமிலத்தில் இடப்படுகையில், வெளிப்பட்ட இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்குகின்றது. பூச்சினை அகற்றித் தகட்டிலே மையைத் தேய்த்து, மேற்பரப்பினைத் துடைத்துவிட்டால், பள்ளங்களில் மட்டும் மை எஞ்சும். ஈரமாக்கிய தாளைத் தகட்டின் மீது வைத்து உருளைப் பொறியினால் அழுத்தும்போது, தாள் பள்ளங்களுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்கின்றது.

உளியினால் உலோகத்தை நேரடியாகச் செதுக்கும் முறையினின்றும் இது முக்கியமான ஒரு வகையில் வேறுபடுவதாகும். செதுக்குவோன் தனது கைவலிமையினாற் கோட்டின் ஆழத்தைத் தீர்மானிக்கின்றான். அரிப்புச் சித்திரத்திலோ கை கீறுவதோடு அமைகின்றது. ஆழத்தைத் தீர்மானிப்பது அமிலமும் அது தொழிற்படும் நேரமுமேயாகும். நெடுநேரம் அரிக்கப்பட்ட கோடு ஆழமும் அகலமும் உடையதாகி, மிகுந்த மையைத் தாங்கிக் கருமையாகப் பதியும். சிறிது நேரமே அரிக்கப்பட்ட கோடு மென்மையாகவும் வெளிறியும் பதியும். கோட்டின் ஆழத்துக்கும் காட்சியின் ஆழத்துக்கும் இடையே ஏற்பட்ட தொடர்பு இவ்வுண்மையிலிருந்தே தொடங்குகின்றது. ஆயினும் அத்தொடர்பினைக் கலைஞர் உடனடியாக உணர்ந்தாரல்லர்.

2. ஒரே தடிப்புடைய கோடு

உலோகத்தை அமிலத்தால் அரித்து அலங்கரிக்கும் வழக்கம் முதலிற் படைக்கலங்களையும் கவசங்களையும் செய்வோரிடையே நிலவியது. ஆக்ஸ்பேர்க் நகரத்தைச் சேர்ந்த டானியல் ஹொப்பர் என்பார் அவ்வழக்கத்தினைத் தாளில் அச்சிடுவதற்குப் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகின்றார். தொடக்க காலத்து யேர்மானியக் கலைஞர் இரும்புத் தகடுகளையே கையாண்டனர். இரும்பிற் பெறப்பட்ட கோடு கரடுமுரடானது. தகடு எளிதில் துருப்பிடிப்பது. முழுத் தகடும் ஒரே முறையில் அமிலத்தில் இடப்பட்டமையால், அண்மையிலுள்ள பொருளும் தொலைவிலுள்ள பொருளும் ஏறத்தாழ ஒரே தடிப்புடைய கோடுகளினாலேயே அமைந்தன.

அல்பிறெக்ற் டியூரர் 1515 ஆம் ஆண்டுக்கும் 1518 ஆம் ஆண்டுக்கும் இடையில் ஆறு அரிப்புச் சித்திரங்களை மட்டுமே ஆக்கினார். அவற்றுள் இறுதியானது பீரங்கியுடன் கூடிய நிலக்காட்சி என வழங்குவதாகும். முன்னணியில் பெரும் பீரங்கியொன்று நிற்கின்றது. மறுபுறம் கீழைத்தேய உடையணிந்த மாந்தர் நிற்கின்றனர். அவர்களுக்கு அப்பால் தாழ்ந்த நிலத்தில் ஒரு கிராமமும், அதற்கும் அப்பால் மலைகளும் தென்படுகின்றன. கோடுகள் ஒரே தன்மையுடையன. அவ்வாறாயின் இக்காட்சியில் ஆழம் எங்கிருந்து பெறப்பட்டது? முன்னணியை உயரமான மேடாக்கி, அதற்குப் பின்னால் நிலத்தைத் திடீரெனத் தாழ்த்தியமையாலும், பொருள்கள் ஒன்றையொன்று மறைக்குமாறு அமைத்தமையாலும், அளவுகளைத் திடீரெனச் சிறுக்கியமையாலும் பெறப்பட்டது எனலாம். அண்மையில் கோடுகள் நெருங்கியும் குறுக்கிட்டும் உள்ளன. தொலைவில் அவை அருகியுள்ளன. கோட்டின் தடிப்பிற் கிட்டாத வேறுபாட்டினை டியூரர் கோடுகளின் எண்ணிக்கையிற் பெற முயன்றார் என்பது இதனாற் புலனாகும். இதன் பின்னர் அவர் இம்முறையினைக் கைவிட்டமை கவனிக்கத்தக்கது.

றேகன்ஸ்பேர்க் நகரத்தைச் சேர்ந்த அல்பிறெக்ற் அல்ற்டோபர் 1520 ஆம் ஆண்டை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஒன்பது நிலக்காட்சி அரிப்புச் சித்திரங்களை ஆக்கினார். மாந்தர் கதையினைச் சாராது நிலக்காட்சியையே பொருளாகக் கொண்டு அச்சிடப்பட்ட சித்திரங்களுள் இவை மிக முந்தியவை. இவற்றில் ஊசியிலை மரங்கள் முன்னணியில் மேல்நோக்கி நெடிதாக எழுகின்றன. அவற்றின் கிளைகள் வளைந்தும் தொங்கியும் தளர்வான கோடுகளால் அமைந்துள்ளன. பின்னணியில் ஆறும் கோட்டையும் மலையும் குறைந்த கோடுகளாற் சுட்டப்படுகின்றன. அல்ற்டோபரின் கோடு கையெழுத்துப் போன்றது. அவருடைய மரங்களும் மலைகளும் ஒரே கையெழுத்தில் அமைந்தமையால், கண் அவற்றினிடையே தாவிச் செல்கின்றதேயன்றிப் படிப்படியாக நடந்து செல்வதில்லை. இச்சித்திரங்களின் சில படிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டமை, தொலைவினைக் காட்டுவதற்குக் கோடு மட்டும் போதாது என அக்காலத்தவர் சிலர் எண்ணினர் எனக் கருத இடமளிக்கின்றது.

3. நேரம் தொலைவாக மாறியமை

இக்குறையினை நீக்கிய தொழில்நுட்ப மாற்றம் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முழுமை பெற்றது. அதற்குள் இரும்புக்குப் பதிலாகச் செம்பு வழக்கில் வந்துவிட்டது. லொறேன் நாட்டின் நான்சி நகரிற் பிறந்து புளோரன்ஸ் நகரிற் பணியாற்றிய யாக் கலோ (1592 - 1635) மெழுகுப் பூச்சுக்குப் பதிலாக, இசைக்கருவி செய்வோர் பயன்படுத்திய கடினமான வார்ணிசினைத் தகட்டில் இட்டார். மெழுகுப் பூச்சு எளிதிற் பெயரக்கூடியது. பெயர்ந்த இடங்களில் வேண்டாத அரிப்பு நேரும். கடின வார்ணிசு அவ்வாறு பெயராமையால், தகட்டினைப் பலமுறை அமிலத்தில் இடுதல் இயல்வதாயிற்று. நுனி சரிவாக வெட்டப்பட்ட ஒருவகை ஊசியினால், தொடங்கும்போது மெலிந்தும் இடையிற் பருத்தும் முடிவில் மெலிந்தும் செல்லும் கோட்டினையும் அவர் பெற்றார்.

இங்கு நிகழ்ந்த முக்கியமான மாற்றம் இதுவாகும். தகடு முழுவதும் முதலிற் சிறிது நேரம் அரிக்கப்படும். பின்னர் தொலைவிலுள்ள மலைகளையும் கட்டடங்களையும் குறிக்கும் கோடுகள் வார்ணிசினால் மூடப்படும். எஞ்சியவை மீண்டும் அரிக்கப்படும். அடுத்து நடுத்தளம் மூடப்படும். முன்னணி மட்டும் மூன்றாம் முறை அரிக்கப்படும். இவ்வாறு அமிலத்திற் கழிந்த நேரமே காட்சியில் தொலைவாக மாறுகின்றது. மிகக் குறைந்த நேரம் அரிக்கப்பட்டது மிகத் தொலைவிலும், மிகக் கூடிய நேரம் அரிக்கப்பட்டது மிக அண்மையிலும் உள்ளதாகக் கண்ணுக்குப் புலப்படும். தொலைவிலுள்ள பொருள்கள் காற்றினூடே மங்கித் தோன்றும் என்பதனை ஓவியர் முன்னரே அறிந்திருந்தனர். லியனார்டோ டா வின்சி அதுபற்றிக் குறிப்புகள் எழுதியுள்ளார். வண்ண ஓவியர் நீலத்தாலும் சாம்பல் நிறத்தாலும் காட்டியதனை, அரிப்புச் சித்திரக்காரர் நேரத்தாற் காட்டினர்.

கலோ 1620 இல் ஆக்கிய இம்புறுனேற்றாச் சந்தை என்னும் சித்திரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாந்தர் திரண்டுள்ளனர். இத்துணைப் பெருங்கூட்டம் ஒரு தாளிற் குழம்பாது நிற்பதற்குக் காரணம், முன்னணி மாந்தர் தடித்த கருங்கோடுகளாலும் பின்னுள்ளோர் வரவர மெலியும் கோடுகளாலும் அமைந்தமையேயாகும். ஆயினும் இம்முறையில் ஒரு வாய்பாட்டுத் தன்மையும் உண்டு. காட்சி மூன்று திரைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கவிட்ட நாடக அரங்கினை நினைவூட்டுகின்றது. திரைகளுக்கிடையே உள்ள வெளியினைக் கண் உணர்கின்றதாயினும், அவ்வெளியில் நடமாடுவதில்லை.

கலோவின் முறையினை ஏப்ரகாம் பொஸ் 1645 இற் பாரிசில் வெளியிட்ட தமது கைந்நூலில் ஒழுங்குற விளக்கினார். அந்நூல் பின்னர் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு நெடுங்காலம் வழங்கிற்று. அரிப்புக் கோடு உளியாற் செதுக்கிய கோட்டினைப் போலத் தூய்மையும் ஒழுங்கும் உடையதாதல் வேண்டும் என்பதே பொஸ் கொண்ட இலட்சியமாகும். அதே ஆண்டில் ஆம்ஸ்ரர்டாமில் இதற்கு நேர்மாறான இலட்சியமுடைய ஒருவர் தகட்டின்மேற் குனிந்திருந்தார். அவரிடம் வருமுன் ஹார்லெம் நகரினை நோக்குதல் வேண்டும்.

4. ஹார்லெமும் சேகர்சும்

ஸ்பானிய ஆட்சிக்கெதிராகப் போராடிய ஒல்லாந்த மாகாணங்கள் 1609 இல் ஏற்பட்ட பன்னீராண்டுப் போர்நிறுத்தத்தினால் ஓய்வு பெற்றன. அதனையடுத்து ஹார்லெம் நகரத்துச் சித்திரக்காரர் தம் ஊர்ப்புறத்தையே பொருளாகக் கொள்ளத் தொடங்கினர். கிளாஸ் யான்ஸ் விஸ்சர் 1611, 1612 ஆம் ஆண்டுகளையடுத்து ஹார்லெமின் சுற்றுப்புற இடங்களைத் தொடர்ச் சித்திரங்களாக வெளியிட்டார். எசாயஸ் வன் டி வெல்டெ, வில்லெம் பைட்டவெக், யான் வன் டி வெல்டெ ஆகியோரும் இவ்வழியில் நின்றனர். மலைகளும் பாறைகளும் நிறைந்த கற்பனைக் காட்சிகளை விடுத்து, மணற்குன்றும் வண்டிப் பாதையும் குடிசையும் வரையப்பட்டன.

இம்மாற்றம் ஆழம் பற்றிய பிரச்சினையினை மேலும் கடினமாக்கிற்று. மலைநாட்டில் ஒரு மலைக்குப் பின் மறுமலை நிற்பதால் தொலைவு தானாகவே படிகளாகப் பிரிந்துவிடும். ஒல்லாந்து தட்டையான நாடு. கண்ணுக்கும் அடிவானத்துக்கும் இடையே தடையாக நிற்பன மிகச் சில. அடிவானத்தைத் தாழ்த்தியபோது, சித்திரத்தின் பெரும்பகுதி வானமாயிற்று. வானத்திலே கோட்டினால் வரைவதற்கு ஏது உண்டு? ஒன்றுமில்லாத ஒன்றைக் காட்டவேண்டிய நிலை இவர்களுக்கு ஏற்பட்டது.

இவர்களது காலத்தில் தனிவழி சென்றவர் ஹேர்க்குலிஸ் சேகர்ஸ் ஆவார். 1590 ஆம் ஆண்டளவிற் பிறந்து 1630களில் மறைந்த இவர், நிறமூட்டிய தாளிலும் துணியிலும் அச்சிட்டார். கருமைக்குப் பதிலாக நீலம், பச்சை முதலிய மைகளையும் பயன்படுத்தினார். ஒரே தகட்டிலிருந்து எடுத்த படிகள் ஒன்றையொன்று ஒவ்வாதவாறு ஆக்கினார். அவருடைய பாறைப் பள்ளத்தாக்குகளில் கோடு ஒரு வடிவத்தின் எல்லையினைக் குறிப்பதில்லை. உடைந்தும் புள்ளிகளாகச் சிதறியும் நிலத்தின் மேற்பரப்பாகவே மாறிவிடுகின்றது. றெம்பிராண்டின் மாணவரான சாமுவேல் வன் ஹூக்ஸ்ராற்றன் 1678 இல் வெளியிட்ட நூலில், சேகர்ஸ் ஓவியங்களை அச்சிட்டார் என்னும் கருத்துப்பட எழுதியமை பொருத்தமானதே.

சேகர்சை உணர்ந்து மதித்தவர் றெம்பிராண்ட். 1656 இல் எடுக்கப்பட்ட அவரது உடைமைப் பட்டியலிற் சேகர்சின் ஓவியங்கள் எட்டு இடம்பெறுகின்றன. தோபியாசும் தேவதூதனும் என்னும் சேகர்சின் செப்புத் தகடும் அவரது கைக்கு வந்தது. 1652 ஆம் ஆண்டளவில் அத்தகட்டிலுள்ள பெரிய உருவங்களைச் சுரண்டி அகற்றிய றெம்பிராண்ட், அவ்விடத்திலே சிறிய உருவங்களாக எகிப்துக்கு ஓடிச்செல்லும் திருக்குடும்பத்தினையும் அவர்களைச் சூழ மரங்களையும் அமைத்தார். எஞ்சிய நிலக்காட்சியினை ஏறத்தாழ அவ்வாறே விட்டுவிட்டார். உருவங்கள் சிறுத்தமையால் அதே பள்ளத்தாக்கு முன்னையினும் ஆழமாகவும் விரிவாகவும் தோன்றுகின்றது. ஒரு கோட்டினையும் கூட்டாமலேயே தொலைவினைக் கூட்டலாம் என்பதற்கு இத்தகடு சான்றாகும்.

5. றெம்பிராண்ட்: மூன்று விடைகள்

றெம்பிராண்டின் நிலக்காட்சி அரிப்புச் சித்திரங்கள் ஏறத்தாழ 1640 ஆம் ஆண்டுக்கும் 1652 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்டவை; எண்ணிக்கையில் முப்பதுக்கு உட்பட்டவை. இவற்றுள் மூன்றினை நோக்குவோமாயின், ஆழம் பற்றிய வினாவுக்கு அவர் வெவ்வேறு விடைகளைக் கண்டமை புலனாகும்.

முதலாவது, 1643 ஆம் ஆண்டுக்குரிய மூன்று மரங்கள். உயரத்தில் 21 சென்ரிமீற்றரும் அகலத்தில் 28 சென்ரிமீற்றரும் கொண்ட இதுவே அவருடைய நிலக்காட்சி அரிப்புச் சித்திரங்களுட் பெரியதாகும். வலப்புற மேட்டில் மூன்று மரங்கள் நிற்கின்றன. இடப்புறம் தட்டையான வயல்கள் தொலைவிலுள்ள நகரம் வரை செல்கின்றன. வானத்தின் இட மேல் மூலையிற் கடினமான சாய்கோடுகள் மழையைப் போல இறங்குகின்றன. அரிப்பு, உலர் ஊசிக் கீறல், உளிச்செதுக்கு ஆகிய முறைகள் ஒரே தகட்டில் இணைந்துள்ளன. மூன்று சிலுவைகளை இம்மரங்கள் குறிக்கின்றன என்று கூறுவோரும் உளர். அவ்விளக்கத்தை ஏற்பினும் மறுப்பினும், சித்திரத்தின் அமைப்பிலுள்ள ஒரு நுட்பம் ஆராயத்தக்கது.

வழக்கமான வாய்பாட்டின்படி மிகக் கூடிய முரண் முன்னணியில் இருத்தல் வேண்டும். இங்கு அவ்வாறில்லை. முன்னணியின் வலப்புறம் மிகவும் இருண்டது. ஆயின் அங்கு இருளின்மேல் இருளே உள்ளது. புதரினுள்ளே காதலர் இருவர் மறைந்திருப்பதனைக் கூர்ந்து நோக்கினாலன்றிக் காணமுடியாது. மிகக் கூடிய முரண் சற்று உள்ளே, மரங்களின் கருமை வானத்தின் வெண்மையினைச் சந்திக்கும் இடத்திலேயே அமைந்துள்ளது. எனவே கண் முன்னணியினைக் கடந்து மரங்களுக்குச் செல்கின்றது. அங்கிருந்து இடப்புறத்து ஒளிபட்ட வயல்களுக்கும் நகரத்துக்கும் நகர்கின்றது. மேட்டின் விளிம்பிலே அமர்ந்து வரையும் சித்திரக்காரனும், வண்டியிற் செல்வோரும் நுண்ணிய உருவங்களாக அவ்விளிம்பின் தொலைவினை அளந்து காட்டுகின்றனர். கருமை வேறு, முரண் வேறு என்பதே இச்சித்திரம் உணர்த்தும் பாடமாகும். கருமை ஒரு பொருளினை அண்மையில் நிறுத்துகின்றது; முரண் கண்ணினை இழுத்துச் செல்கின்றது. இவ்விரண்டினையும் வெவ்வேறு இடங்களில் வைத்தமையாலேயே கலோவின் திரைகள் இங்கு மறைந்து, நடந்து செல்லக்கூடிய நிலம் தோன்றிற்று.

இரண்டாவது, 1645 ஆம் ஆண்டுக்குரிய சிக்ஸின் பாலம். ஏவலாளன் கடுகு வாங்கி வருவதற்குள் இதனை றெம்பிராண்ட் வரைந்து முடித்தார் என்றொரு கதையினைச் சித்திரப் பட்டியல் தொகுத்த ஜேர்சென் 1751 இற் கூறியுள்ளார். கதை உண்மையோ அன்றோ, அது எழுந்த காரணம் வெளிப்படை. இச்சித்திரத்தில் கோடுகள் மிகச் சில. மரப்பாலமும் அதன் கைபிடியருகே இருவரும் மெல்லிய மரங்களும் ஒரு படகும் தொலைவில் ஒரு கோபுரமும் உள்ளன. அடர்ந்த நிழல் ஏறத்தாழ இல்லை. முன்னணிக் கோடுக்கும் பின்னணிக் கோடுக்கும் தடிப்பிற் பெரிய வேறுபாடுமில்லை. தொழில்நுட்பத்தில் இது டியூரரின் 1518 ஆம் ஆண்டுத் தகட்டுக்கு அண்மையது எனலாம். ஆயினும் இங்கு ஆழம் உண்டு. பாலத்தின் கோடுகள் நேரானவை, அழுத்தமானவை; தொலைவின் கோடுகள் குறுகியவை, விட்டுவிட்டுச் செல்பவை. அவற்றினிடையே கோடு எதுவுமற்ற வெண்மை கிடக்கின்றது. அவ்வெண்மை பாலத்துக்கு அண்மையில் நீராகவும், அப்பால் நிலமாகவும், மேலே வானமாகவும் பொருள்படுகின்றது. ஒரே தாளின் ஒரே வெண்மை தன்னைச் சூழ்ந்துள்ள கோடுகளாலேயே மூன்று வேறு பொருள்களையும் மூன்று வேறு தொலைவுகளையும் பெறுகின்றது. வானத்தில் எதை வரைவது என்னும் ஹார்லெம் சித்திரக்காரரின் பிரச்சினைக்கு, ஒன்றையும் வரையாது விடுவதே விடையாயிற்று.

மூன்றாவது, 1651 ஆம் ஆண்டுக்குரியதும் பொன் நிறுப்போனின் வயல் எனப் பிழையான பெயரால் நெடுங்காலம் வழங்கியதுமான சித்திரம். இது ஹார்லெமுக்கு அண்மையிலுள்ள சக்சன்பேர்க் பண்ணையும் அதன் சூழலுமாகும் என ஆய்வாளர் இனங்கண்டுள்ளனர். 12 சென்ரிமீற்றர் உயரமும் 32 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட இந்நீண்ட தகட்டிலே, உலர் ஊசி முறை பெரும் பங்கு பெறுகின்றது. அமிலமின்றி ஊசியினாற் செம்பினை நேரே கீறும்போது, கோட்டின் ஓரத்திற் செம்புப் பிசிர் எழுந்து நிற்கும். அப்பிசிர் மையைப் பற்றிக்கொள்வதனால் கோடு பட்டுத்துணி போன்ற மென்கருமையுடன் பதியும். றெம்பிராண்ட் இக்கருமையினைச் சில மரத்தொகுதிகளிலும் பாத்திகளின் ஓரங்களிலும் மட்டும் இட்டார். அகன்ற வளைகோடுகள் நிலத்தின் அலைபோன்ற ஏற்றத்தாழ்வினைக் காட்டுகின்றன. கருமைப் புள்ளிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கண் தாவும்போது, இடையிலுள்ள வெண்மை தொலைவாக உணரப்படுகின்றது. பிசிர் அச்சுப்பொறியின் அழுத்தத்தால் விரைவில் தேய்ந்துபோகும். எனவே முதலில் எடுத்த சில படிகளிற் காணப்படும் ஆழம், பின்னர் எடுத்தவற்றில் இல்லாது போகும்.

6. தாளும் வணிகமும்

1647 ஆம் ஆண்டளவில் தொடங்கி றெம்பிராண்ட் தமது சித்திரங்களிற் சிலவற்றை ஜப்பானியத் தாளில் அச்சிட்டார். இளமஞ்சட் சாயலும் மென்மையும் கொண்ட அத்தாள், ஐரோப்பியத் தாளின் கடுமையான வெண்மையினைத் தணித்து, கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலுள்ள முரணை இளக்குகின்றது. தொலைவு புகைபோன்ற தன்மையினைப் பெறுகின்றது. 1641 தொடக்கம் தேசிமாத் தீவிலே பண்டசாலை அமைத்திருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகத்தினூடாகவே இத்தாள் ஆம்ஸ்ரர்டாமினை அடைந்தது. அதே கம்பனியே 1656 இற் கொழும்பினையும் 1658 இல் யாழ்ப்பாணத்தினையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிற்று என்பதனை நாம் நினைவிற் கொள்ளல் தகும்.

7. சான்றாகக் கொள்ளும்போது

இவ்வாராய்ச்சி கலை வரலாற்றுடன் மட்டும் அமைவதன்று. றெம்பிராண்ட் இறந்து மூன்று ஆண்டுகளின் பின், 1672 இல், ஆம்ஸ்ரர்டாமில் பிலிப்பு பால்டேயசின் நூல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்திற் சமயப்பணி புரிந்த அவர், தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்த தேவாலயங்களின் காட்சிகளைச் செப்புத் தகட்டுப் படங்களாக அந்நூலிற் சேர்த்திருந்தார். பதினேழாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் தோற்றத்தினை ஆராய்வோர் அப்படங்களை மீண்டும் மீண்டும் எடுத்தாள்வர். அவ்வாறு எடுத்தாளுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. முன்னணியில் இருண்டு நிற்கும் மரம் உண்மையில் அவ்விடத்தில் நின்றதா, அல்லது ஆழத்தின் பொருட்டுச் சித்திரக்காரனால் நடப்பட்டதா? வெண்மையாக விடப்பட்ட நிலம் வெட்டவெளியா, அல்லது ஒளியினைக் காட்டும் உத்தியா? சிறு உருவங்கள் அங்கு வாழ்ந்த மக்களா, அல்லது கட்டடத்தின் அளவினைக் காட்ட வைக்கப்பட்ட கோல்களா? இவற்றுக்கு ஒவ்வொரு படத்தினையும் தனித்தனியே சோதித்தே விடை காணல் வேண்டும்.

பெரிய கலைஞரிடத்தும் இவ்வெச்சரிக்கை வேண்டப்படும். 1640 ஆம் ஆண்டளவில் றெம்பிராண்ட் ஆக்கிய ஆம்ஸ்ரர்டாம் காட்சி அந்நகரத்துக் கோபுரங்களைக் கவனமாகக் காட்டுகின்றது. ஆயின் தகட்டில் நேராக வரைந்தது தாளில் இடவலமாக மாறிப் பதிந்தமையால், கோபுரங்கள் எதிர்வரிசையில் நிற்கின்றன. நகரினை அறிந்த அவருக்கு இது தெரியாததன்று. சான்றின் செம்மையினும் காட்சியின் செம்மையே அவருக்குப் பெரிதாயிற்று. 1641 ஆம் ஆண்டுக்குரிய காற்றாலைச் சித்திரத்தின் வானிலே காணப்படும் மென்சாயலில் ஒரு பகுதி, பூச்சு வெடித்து அமிலம் கசிந்தமையால் நேர்ந்தது. அதனை அவர் அகற்றாது விட்டார். அவ்வெடிப்பினை அந்நாளின் வானிலை எனக் கொள்ளும் வரலாற்றாசிரியன் தவறுவான்.

மற்றுமொரு தடையும் நமக்குண்டு. நம்மிற் பலர் இச்சித்திரங்களைப் புத்தகங்களில் அச்சான பிரதிகளிலேயே கண்டுள்ளோம். ஒளிப்பட அச்சுமுறை கோட்டினைச் சிறுபுள்ளிகளாக உடைத்துவிடுகின்றது. கருங்கோட்டுக்கும் வெண்டாளுக்கும் இடையிலுள்ள முரண் சாம்பல் நிறத்திற் கரைந்துவிடுகின்றது. தாளின் மீது மேடாக நிற்கும் மையும் பிசிரின் மென்மையும் அழிந்துவிடுகின்றன. எஞ்சுவது காட்சியின் பொருளடக்கமேயன்றி அதன் ஆழமன்று. எனவே பிரதியினைக் கொண்டு தீர்ப்புக் கூறுவோர், படி எவ்வளவு பெரிதாக்கப்பட்டது, எந்நிலைப் படியிலிருந்து எடுக்கப்பட்டது என்பனவற்றையேனும் வினவி அறிதல் வேண்டும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நிலக்காட்சி அரிப்புச் சித்திரங்களில் ஆழம் ஒரே முறையினால் உருவானதன்று என்பது தெளிவாகும். டியூரரும் அல்ற்டோபரும் ஒரே தடிப்புடைய கோட்டினைக் கொண்டு, மறைப்பாலும் நெருக்கத்தாலும் தொலைவினைச் சுட்டினர். கலோ அமிலத்தின் நேரத்தினைப் பகுத்து, கோட்டின் தடிப்பினைத் தொலைவின் அளவுகோலாக்கினார். சேகர்ஸ் கோட்டினை உடைத்து நிலத்தின் மேற்பரப்பாக்கினார். றெம்பிராண்ட் இவை யாவற்றையும் அறிந்திருந்தும் எதனையும் வாய்பாடாகக் கொள்ளவில்லை. கருமையினையும் முரணையும் பிரித்துக் கையாண்டமையும், வரையாத இடத்துக்கும் பொருள் உண்டெனக் கண்டமையும் அவர் இக்கலைக்கு அளித்த பங்களிப்பாகும்.

தூரதரிசனக் கணிதம் ஒரு விதி. அதனைக் கற்றுக்கொடுத்தல் எளிது. அமிலமும் பிசிரும் தாளும் தரும் அறிவோ கையினாலும் கண்ணினாலும் மட்டுமே பெறப்படுவது. நூல்களில் எழுதப்பட்டமையால் முன்னையது வரலாற்றிற் பேரிடம் பெற்றது. பட்டறைகளிலே தங்கிவிட்டமையாற் பின்னையது சிறிதளவே பேசப்பட்டது. நம் நாட்டுக் கைவினைகளின் வரலாற்றினை எழுத முற்படுவோருக்கும் இவ்வேற்றுமை பொருந்துவதாகும். ஏட்டிலுள்ள விதிகளை மட்டும் தேடுவோமாயின், பொருளைக் கையாண்டவன் அறிந்திருந்தவற்றுட் பெரும்பகுதியினை இழந்துவிடுவோம். அப்பகுதியினை அறிவதற்கு, அவன் விட்டுச்சென்ற பொருளையே பொறுமையுடன் மீண்டும் நோக்குதல் வேண்டும்.